நாலு விரல் குறைந்த கூரைத் துணி

பிப்ரவரி 3

அக்கா,

போனில் பேசினால் நீயும் கத்துகிறாய், நானும் கத்துகிறேன். கடைசியில் யார் முதலில் போனை வைத்தது என்று அதற்கு ஒரு தனிச் சண்டை. அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

இதோடு ஒரு சாக்கு மூட்டை வரும். அப்பாவுடைய பழைய டாக்ஸியின் கூரைத் துணியும், நாலு கதவுக்கும் உள்பக்கம் அடித்திருந்த ரெக்ஸின் அட்டைகளும் அதில் இருக்கின்றன. துணி முழுக்கப் பூஞ்சை. அப்பா அதற்குக் கீழே உட்கார்ந்து அந்தத் தூசியை இழுத்து இழுத்துத்தான் இப்படி இருமுகிறார் என்று டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார். "ஒண்ணு அவரை வண்டியில ஏற விடாதீங்க, இல்ல அந்தத் துணியைப் பிடுங்கிப் போடுங்க" என்றார். அவரை ஏற விடாமல் இருக்க முடியுமா? அதனால் பிடுங்கினேன்.

நீ இங்கே வந்து வருஷக்கணக்காகிறது, அதனால் சொல்கிறேன். காலையில் டீ குடித்ததும் ஷெட்டுக்குப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொள்வார். வண்டி ஓடாது என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் பின்சீட்டில் ஏற வேண்டும். "எங்க சார் போகணும்?" என்று கேட்பார். ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட்டு என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். ஸ்டியரிங்கைத் திருப்புவார், ஹாரன் அடிப்பார், எதிரில் வராதவனையெல்லாம் திட்டுவார். நடுவில் நான் எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தால் வெயிட்டிங் சார்ஜ் சேர்த்துக் கேட்பார். சொந்த மச்சானிடமே வெயிட்டிங் போட்டு வாங்கிய மனுஷன், என்னிடம் விடுவாரா? அந்தச் சவாரி முடிந்தால்தான் சாப்பிடுவார், தூங்குவார்.

அவர் என்னை மகன் என்று கூப்பிட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. நான் அவருக்கு சார். பின்சீட்டில் ஏறுகிற யாரோ ஒரு சார்.

முதியோர் இல்லத்தில் ஒரு இடம் காலியாகியிருக்கிறது. ஏப்ரல் கடைசி வரைக்கும் வைத்திருப்பார்களாம். பஸ் பாடி கட்டும் கம்பெனியிலிருந்தும் என்னை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தத் தடவையும் மறுத்தால் இனி கூப்பிட மாட்டார்கள். நீதான் "அவரை இல்லத்துல விட்டா என் முகத்துல முழிக்காதே" என்று கத்தினாய். "உள்ள எல்லாத்தையும் நான் தைச்சுத் தரேன், அவரு பழையபடி உட்காருவாரு" என்றும் நீதான் சொன்னாய். சரி, தைத்துக் கொடு. அவர் அதில் பழையபடி உட்கார்ந்தால் வீட்டிலேயே இருக்கட்டும். உட்காராவிட்டால் நான் இல்லத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். பிறகு பேச்சில்லை.

பழைய துணியைத் தையல் பிரித்து, அதையே அச்சாக வைத்து வெட்டிக்கொள். எனக்குத் தகரம் தெரியும். துணி தெரியாது.

ஆணி

பிப்ரவரி 14

அன்புள்ள ஆணி,

சட்டைப் பையில் ஆணியைப் போட்டுக்கொண்டு அலைந்த வயதில் வைத்த பெயர். தலை நரைத்த பிறகும் நீயே அப்படித்தான் கையெழுத்துப் போடுகிறாய். சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு கடிதத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை.

மூட்டையைச் சோஃபா கம்பெனியில் பிரித்தேன். பிரித்த நிமிஷம் என் மிஷினைச் சுற்றி ஆளே இல்லை. மேஸ்திரி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, "என்னம்மா, எலி செத்த சோஃபாவா?" என்றார். "எங்கப்பா டாக்ஸி" என்றேன். "அப்ப வெளிய பார்க் பண்ணு" என்றார்.

முதல் வேலையாக ஊற வைத்துத் துவைத்துவிட்டேன். பூஞ்சை எல்லாம் போய்விட்டது. டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டுக்கு மேலே மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு கருப்புக் கறை. ஒரு கட்டி சோப்பு அதற்கே கரைந்தது. நானும் விடவில்லை. இப்போது பார்த்தால் புதுசு என்றே சொல்வாய். உள்ளே இப்படி ஒரு சந்தன நிறம் ஒளிந்திருந்தது நமக்கே தெரியாது. அதே நிறத்தில் துணி எடுத்துவிட்டேன். கதவு அட்டைகளுக்கு அரக்கு ரெக்ஸின், பழையபடி பட்டை பட்டையாகத் தையல்.

இல்லம் இல்லம் என்று எழுதுகிறாயே, உனக்கு எப்படிக் கை வருகிறது? ஆயுள் முழுக்க ஊரில் இருப்பவர்களையெல்லாம் அவரவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்ட மனுஷன். அவரை அவர் வீட்டில் வைத்துக்கொள்ள நமக்குத் துப்பில்லையா? வரச் சொல்லாதே, இது ஆர்டர் நேரம். லீவு என்று வாயைத் திறந்தாலே மேஸ்திரி முகம் மாறுகிறது. நான் செய்யக்கூடியது தைப்பது. அதைச் செய்கிறேன்.

அக்கா

மார்ச் 5

அக்கா,

பார்சல் வந்தது. கதவு அட்டைகள் அச்சு அசல். அதில் ஒரு குறையும் இல்லை, சொல்லிவிடுகிறேன்.

கூரைத் துணி கதை கேள். மேலே குறுக்காக ஐந்து வளைகம்பிகள். ஒவ்வொன்றுக்கும் வளைவு வேறு. இடம் மாறினால் கூரை ஒட்டக முதுகாகிவிடும் என்று கழற்றும்போதே பெயிண்டால் புள்ளி வைத்திருந்தேன். நீ தைத்திருந்த உறைகளில் கம்பிகளை நுழைத்து, முன்னாலிருந்து ஒவ்வொன்றாக மாட்டினேன். முன்கண்ணாடி ஓரத்தில் பசை போட்டு ஒட்டினேன். அண்ணாந்து பார்த்தே கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனாலும் துணி விறைப்பாக, அழகாக வந்துகொண்டிருந்தது. பின்கண்ணாடிக்கு வந்தால் துணி நாலு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது. இழுத்தேன். தையல் விட்டது.

உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். துவைத்துவிட்டேன் என்று என்னவோ சாதனை மாதிரி எழுதியிருக்கிறாய். துவைத்தால் பழைய துணி சுருங்காதா? சுருங்கியதை வைத்து வெட்டினால் வேறென்ன வரும்? உனக்கு எதையும் சோப்புப் போட்டுவிட வேண்டும். அப்பாவின் நாற்றம் உனக்கு ஆகாது. அது ஆகாமல்தானே இந்தப் பக்கமே வருவதில்லை.

போன வாரம் அவர் கேட்டைத் திறந்து போய்விட்டார். வண்டி உள்ளே எலும்புக்கூடாகக் கிடந்ததால் அவருக்கு அது வண்டியாகவே தெரியவில்லை. கடைத்தெரு முழுக்கத் தேடினேன். பஸ் நிறுத்தத்தில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என் வண்டியைப் பார்த்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சார், மன்னிச்சுக்குங்க, இன்னைக்கு சவாரி வர முடியாது. வண்டியை யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றார். நடுத்தெருவில் நின்று அழுதேன், அக்கா. அவர் என் தோளைத் தட்டி, வேறு டாக்ஸி பிடித்துத் தருவதாகச் சொன்னார்.

இல்லத்து ஆள் இன்றைக்கும் போன் செய்தார்.

ஆணி

மார்ச் 11

ஆணி,

தப்பு என்னுடையதுதான். சோஃபா உறை எது வந்தாலும் துவைத்த பிறகுதான் அளவெடுப்போம். கை பழகியபடி செய்தது. மூளை அதற்குப் பின்னால் போகவே இல்லை. நாலு விரல் என்று படித்ததிலிருந்து மிஷினில் உட்கார்ந்தால் என் விரல்களைத்தான் பார்க்கிறேன்.

மறுபடி தைக்கிறேன். இந்த முறை பழைய துணியை நம்ப வேண்டாம். ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கம்பிகளோடு சேர்த்துக் குண்டூசி குத்தி, இழுத்துக் கட்டு. நடுக்கோடு முதலில் போடு. பிறகு சீட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஓரம் முழுக்கச் சாக்பீஸால் கோடு போடு. கம்பி வருகிற இடமெல்லாம் குறித்து அனுப்பு. மடிப்புக்கு நான் தாராளமாக விட்டுக்கொள்கிறேன்.

நாற்றம் ஆகாது என்று எழுதிவிட்டாய். அது எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அதனால் சொல்கிறேன். கடைசியாக வந்திருந்தபோது நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். அம்மா இறந்த பிறகு மூடியே கிடந்த அலமாரியை நான் திறந்து, அவளுடைய புடவைகளை மடித்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து நின்றார். "யாரு நீ? என் பொண்டாட்டி புடவையில எதுக்குக் கை வைக்கிறே?" என்றார். அப்பா, நான்தான் என்று எவ்வளவோ சொன்னேன். "திருடி" என்றார். மணிக்கட்டைப் பிடித்து வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார். நீ திரும்பி வரும்போது நான் வாசலில் உட்கார்ந்திருந்தேனே, காற்று வாங்குகிறேன் என்றேனே, அது அதுதான்.

ஆர்டர் நேரம் என்பதெல்லாம் சாக்கு. உன்னையாவது சார் என்கிறார். சாருக்கு வண்டியில் இடம் உண்டு. திருடிக்கு எங்கே இடம்?

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. என்ன எழுதுவது? எனக்குத் தெரிந்திருந்தால் அந்த வார்த்தையை எழுதியிருக்க மாட்டேன். அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

இரண்டாவது துணி கச்சிதம். ஓரங்களைக் கதவு விளிம்பிலுள்ள ரப்பர் பட்டைக்குள் திணித்துவிட்டு, கண்ணாடிகளை மூடி வண்டியை இரண்டு நாள் வெயிலில் தள்ளி வைத்தேன். சுருக்கமெல்லாம் போய் முரசுத்தோல் மாதிரி விறைத்துவிட்டது. தட்டினால் ஓசை வருகிறது. சீட்டுக்குப் புது உறை போட்டேன். கதவு அட்டைகளை ஒவ்வொரு கிளிப்பாகத் தட்டி மாட்டினேன். என் கையால் இவ்வளவு நேர்த்தியாக ஒரு வேலை நடந்ததில்லை.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தார். உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். எனக்கு உயிர் வந்தது. பின்சீட்டில் ஏறிக்கொண்டு, "ஸ்டேஷனுக்குப் போகணும்" என்றேன். அவர் வண்டியை எடுக்கவில்லை. திரும்பி, பக்கத்துச் சீட்டுக்கு மேலே அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். விரலால் அந்த இடத்தைத் தடவினார். "இது வேற யாரோ வண்டி சார். எறங்கிடுங்க, வம்பு" என்று சொல்லிவிட்டு இறங்கினார். மறுநாளும் அதே இடம், அதே பார்வை, அதே பேச்சு. மூன்றாம் நாள் ஷெட்டுக்கே வர மாட்டேன் என்றுவிட்டார்.

அங்கே என்ன இருந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். உன் கடிதம் ஞாபகம் வந்தது. ஒரு கட்டி சோப்பு கரைந்தது என்றாயே, அந்தக் கறை.

அது அம்மா கை, அக்கா. அப்பா வளைவில் திருப்பும்போதெல்லாம் அம்மா பயந்துபோய்க் கையைத் தூக்கிக் கூரையில் ஊன்றிக்கொள்வாளே. தலைக்கு எண்ணெய் வைத்த கை. "கையை எடு, துணி அழுக்காகுது" என்று அப்பா ஒவ்வொரு தடவையும் திட்டுவாரே. நாம் பின்னால் உட்கார்ந்து சிரிப்போம். அத்தனை வருஷக் கை.

உன்மேல் கோபமில்லை. கழற்றியவன் நான். அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டு பிடுங்கியபோது எனக்கும்தான் அது அழுக்காகத் தெரிந்தது. வேலை முடிந்தது, பலிக்கவில்லை. 25ஆம் தேதி இல்லத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டேன்.

ஆணி

ஏப்ரல் 9

ஆணி,

தேதி சொன்னதை மாற்று. ஒரு வழி இருக்கிறது.

என் கை அம்மா கை அளவுதான். அவளுடைய வளையல் எனக்குச் சரியாக இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? மிச்சமிருந்த சந்தனத் துணியில் கையில் எண்ணெயும் கொஞ்சம் டீத்தூள் கஷாயமும் தடவி அழுத்திப் பார்த்தேன். முதல் தடவை பேய்க்கை மாதிரி இருந்தது. நாலைந்து தடவை அழுத்திய பிறகு கலங்கி, அந்தக் கறை மாதிரியே வந்துவிட்டது. அந்தத் துண்டை ஓரம் தெரியாமல் மடித்துத் தைத்து அனுப்புகிறேன். நீ அந்த இடத்தில் பசை போட்டு ஒட்டிவிடு. அவருக்கு வித்தியாசம் தெரியாது.

பைத்தியக்காரத்தனம் என்பாய். சொல். என் கையால் அழித்ததை என் கையாலேயே திரும்பக் கொண்டுவர முடியுமா என்று பார்க்கிறேன். வேறெதையும் யோசிக்க முடியவில்லை. நேற்று இரண்டு சோஃபாவுக்குக் கை உறையை மாற்றித் தைத்துவிட்டேன், இடது வலதாக. மேஸ்திரி திட்டுவதற்குப் பதிலாக டீ வாங்கிக் கொடுத்தார்.

அக்கா

ஏப்ரல் 13

அக்கா,

கையைப் பார்சலில் அனுப்பாதே. கையோடு நீ வா.

திருடி என்றால் என்றுவிட்டுப் போகட்டும். வாசலில் தள்ளினால் இந்தத் தடவை நானும் உன்னோடு வாசலில் உட்காருகிறேன். தனியாக அவரை அங்கே கொண்டுபோய் விட என்னால் முடியாது. வீட்டில் வைத்திருக்கவும் முடியாது. 25க்கு முன்னால் வா.

ஆணி

ஜூன் 1

அக்கா,

பஸ் பாடி கம்பெனியில் சேர்ந்து இரண்டு வாரமாகப் போகிறது. தங்குவதற்கு மாடியில் ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் வரிசையாகக் கூரையில்லாத பஸ்கள். முதல் நாள் காலை டீ குடித்ததும் எழுந்து கதவு வரைக்கும் வந்துவிட்டேன், ஷெட்டுக்குப் போக. பிறகுதான் உறைத்தது. கூட இருக்கிற வெல்டர், "என்னண்ணே, யாரையாவது தேடுறீங்களா?" என்றான்.

நீ வந்த நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேசவே இல்லை. இங்கே வந்த பிறகுதான் எனக்குப் பேச்சு வருகிறது. நீ வாசலிலேயே நின்றாய். அப்பாவை நான் எப்படியோ கெஞ்சி ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தேன். அவர் வழக்கம்போல அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். நீ வந்து பக்கத்துச் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாய். இதோ திருடி என்று கத்தப் போகிறார் என்று நான் பின்னால் கதவுப் பிடியில் கை வைத்தபடி இருந்தேன். அவர் சும்மா ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக வெட்டித் திருப்பினார். வண்டி நிற்கிறது, ஒரு அங்குலம் நகரவில்லை. உன் கை தானாக மேலே போய்க் கூரையில் ஊன்றிக்கொண்டது. நீ நினைத்துச் செய்தாயா, தெரியாமல் செய்தாயா, இன்றைக்கும் நான் கேட்கவில்லை.

"கையை எடு, துணி அழுக்காகுது" என்றார் அப்பா. பிறகு என்னிடம் திரும்பி, "எங்க சார் போகணும்?" என்றார்.

25ஆம் தேதி போகவில்லை. அந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். நீ சம்பளமில்லா லீவு போட்டு உட்கார்ந்திருக்கிறாய். "நீ போ, இத்தனை வருஷம் நீ பார்த்துட்டே" என்று என்னைத் துரத்திவிட்டாய். மேஸ்திரி எவ்வளவு நாள் பொறுப்பார்? உன்னை அம்மா என்று நினைத்துக்கொண்டிருக்கிற மனுஷனோடு மகள் எவ்வளவு நாள் இருக்க முடியும்? இதையெல்லாம் யோசித்தால் எனக்கு வேலை ஓடுவதில்லை.

இருமல் எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாரா? என்னைக் கேட்டிருக்க மாட்டார், தெரியும். பின்சீட்டில் யார் ஏறினாலும் அவருக்கு சார்தான். மனசைத் தேற்ற எதையாவது எழுதாதே. கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்றே எழுது.

ஆணி

ஜூன் 8

அன்புள்ள ஆணி,

இருமல் பாதி குறைந்துவிட்டது. சாப்பிடுகிறார். நேற்று என்னிடம் உப்பு போதவில்லை என்று சண்டை போட்டார், அம்மாவிடம் போடுகிற அதே சண்டை. நானும் அம்மா மாதிரியே "வேணும்னா நீங்க சமைங்க" என்று சொல்லிவிட்டு, சமையலறையில் போய் நின்று அழுதேன். எனக்கு அப்பா வேண்டும், ஆணி. அவருக்கு நான் வேண்டாம், அம்மா வேண்டும். கிடைத்ததை வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம். எத்தனை நாள் ஓடும் என்று என்னைக் கேட்காதே, பயமாக இருக்கிறது. மேஸ்திரி இந்த மாதக் கடைசி வரைக்கும் பார்ப்பேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். இந்தத் தடவை கத்தாமல்.

கூரைத் துணியில் அந்த இடத்தில் லேசாக அழுக்கு விழ ஆரம்பித்திருக்கிறது. நான் துவைக்கப் போவதில்லை.

இனி நீ கேட்டது. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

நீ போன மறுநாள் காலையில் அவர் வண்டியில் உட்கார்ந்தார், நான் பக்கத்தில். பின்னால் திரும்பிப் பார்த்தார். "சார் எங்க?" என்றார். வெளியூர் போயிருக்கிறார் என்றேன். சரி என்று ஸ்டியரிங்கைப் பிடித்தார், ஆனால் எடுக்கவில்லை. மறுநாள் நானே பின்சீட்டில் ஏறிப் பார்த்தேன். "நீ ஏன் அங்க உட்கார்றே? அது சார் எடம், முன்னாடி வா" என்றார். பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சிக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். கண்ணாடியில் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வண்டி என்கேஜ்டுங்க, வேற பாருங்க" என்று இறக்கிவிட்டார். பாவம், மனுஷன் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அன்றிலிருந்து தினமும் இதுதான். டீ குடித்ததும் போய் உட்காருகிறார். பின்கதவை உள்ளேயிருந்து எட்டித் திறந்து வைக்கிறார். வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். சாப்பாட்டு நேரம் வந்ததும் இறங்கி வருகிறார்.

இன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. "எவ்வளவு நேரந்தான் நிக்கிறது? கிளம்பலாமே" என்றேன்.

"சார் வரட்டும்" என்றார்.

"அவரு எப்ப வருவாரோ. அது வரைக்கும் வெயிட்டிங் ஏறிக்கிட்டே இருக்குமே, அவரு பாவம் இல்லையா?"

ஏதோ நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவருகிட்டப் போய் வெயிட்டிங் வாங்குவாங்களா?" என்றார்.

அக்கா